ஓர் ஊதா, ஐந்து புகார்கள்: ஆல்கஹால் மார்க்கர் மை படத்தில் நடந்துகொள்ளும் விதம்

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் படம் எளிமையானது. மேசை மேல் மடிந்து கிடக்கும் ஊதாத் துணி, வலப்பக்கம் ஒரு மஞ்சள் விளக்கு. A4 அளவு, சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள வழவழப்பு பிரிஸ்டல் அட்டை. துணிக்கு ஒரு நடுத்தர ஊதா மார்க்கர், நிழலுக்கு அதே குடும்பத்தின் அடர் ஊதா, வெளிச்சம் படும் மடிப்புகளைக் கரைக்க நிறமற்ற பிளெண்டர். ஆல்கஹால் மார்க்கரில் வரைபவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்கள் எல்லாம் இந்த ஒரே படத்தில் வந்து சேரும்.

முதல் புகார்: பிளெண்டர் தொட்ட மடிப்புகளின் ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம். இரண்டாவது: நிழல் ஊதாவாக இல்லாமல் நீலமாகத் தெரிகிறது, ஒரே துணி இரண்டு துணி போல இருக்கிறது. மூன்றாவது: விளக்கின் மஞ்சள் துணியைத் தொடும் இடத்தில் சேற்றுப் பழுப்பு. நான்காவது: ஸ்கேன் செய்தால் துணி முழுக்க நீலம். ஐந்தாவது கொஞ்சம் தாமதமாக வரும் புகார்: ஜன்னலுக்கு எதிரே மாட்டிய படம் மாதக்கணக்கில் சிவப்பை இழந்து வெளிறுகிறது.

இவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பவர்கள் அட்டையை மாற்றுவார்கள், மார்க்கரை மாற்றுவார்கள், ஸ்கேனரைத் திட்டுவார்கள். மஞ்சள் விவகாரம் மட்டும் பெரும்பாலும் கை செய்த பிழை. மற்ற நான்குக்கும் வேர் ஒன்றுதான்: மூடியில் ஒரு நிறம் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரு நிறம் அல்ல.

மைக்குள் என்ன இருக்கிறது

ஆல்கஹால் மார்க்கரில் இருப்பது சாயம், நிறமி அல்ல. நிறமி என்பது கரையாமல் மிதக்கும் நுண்துகள். சாயமோ எத்தனால், புரோப்பனால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போன்ற கரைப்பானில் முழுமையாகக் கரைந்திருக்கும். கூடவே கொஞ்சம் பிசின். அதனால்தான் இந்த மை கண்ணாடி போல அடியில் உள்ளதைக் காட்டுகிறது. நார்களுக்குள் இறங்கி நிற்கிறது. காய்ந்த பிறகும் மேலே ஆல்கஹால் பட்டால் மறுபடி கரைந்து நகரும். கோடு தெரியாமல் நிறங்களை இழைக்க முடிவதற்கும், நேற்று முடித்த இடம் இன்று கசிவதற்கும் இதே குணம்தான் காரணம். நிறமற்ற பிளெண்டர் என்பது சாயம் இல்லாத வெறும் கரைப்பான். அது நிறத்தை அழிப்பதில்லை, தள்ளுகிறது. அழிப்பான் என்று நினைத்துப் பயன்படுத்தினால் ஏமாற்றம்தான்.

ஊதாவுக்கு ஒரே சாயம் போட்டு முடிப்பது அரிது. சிவப்புச் சாயல் உள்ள ஒன்றும் நீலச் சாயல் உள்ள ஒன்றும் கலந்துதான் பெரும்பாலான ஊதா மைகள் உருவாகின்றன. (1856இல் வில்லியம் ஹென்றி பெர்கின் கண்டெடுத்த முதல் செயற்கை ஊதாவான மாவீன்கூட ஒரே பொருளல்ல, நெருங்கிய பல சேர்மங்களின் கலவை. ஊதாவின் ராசி அப்படி.)

மூடியில் உள்ள எண் இதைச் சொல்லாது. ஜப்பானின் டூ நிறுவனம் 1987இல் கொண்டுவந்த கோப்பிக் மார்க்கர்களின் குறியீட்டைப் பாருங்கள். பிவி08 என்றால் 'பிவி' நீல-ஊதாக் குடும்பம்; முதல் இலக்கமான 0 நிறத்தின் தூய்மை (9 பக்கம் போகப் போகச் சாம்பல் கலக்கும்); கடைசி இலக்கமான 8 அடர்த்தி (0 வெளிர், 9 அடர்). நிறவட்டத்தில் அந்த மை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு நல்ல முகவரி இது. உள்ளே எந்தெந்தச் சாயம் என்பதற்கு அதில் பதில் இல்லை. பக்கத்துப் பக்கத்து எண்ணுள்ள இரண்டு மார்க்கர்களின் உட்பொருள் வேறு வேறாக இருக்கலாம்.

மையைப் பிரித்துப் பார்க்கும் சோதனை

வடிதாளில் 20 மி.மீ. அகலம், 120 மி.மீ. நீளத்தில் ஒரு பட்டை வெட்டவும். கீழிருந்து 20 மி.மீ. உயரத்தில் பென்சிலால் மெல்லிய கோடு. பேனாக் கோடு வேண்டாம்; அதன் மையும் சேர்ந்து ஓடிக் குழப்பும். பென்சில் கிராஃபைட் ஆல்கஹாலில் கரையாது. கோட்டின் நடுவில் மார்க்கரால் 3 மி.மீ. புள்ளி வைத்து, காயவிட்டு, அதே இடத்தில் இன்னும் இரண்டு முறை வைக்கவும். ஒரு கண்ணாடிக் குவளையில் 10 மி.மீ. உயரத்துக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றிப் பட்டையைத் தொங்கவிடவும். திரவம் புள்ளியைத் தொடக் கூடாது. அதற்குக் கீழே நிற்க வேண்டும். தொட்டால் மை மேலே ஏறாமல் குவளையிலேயே கரைந்துவிடும். மேலே ஒரு தட்டால் மூடவும். திரவம் ஆவியாகிப் பாதியில் நிற்காது. ஈரம் பட்டையின் மேல் நுனிக்கு 15 மி.மீ. கீழே வந்ததும் எடுத்துக் காயவைக்கலாம்.

90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆல்கஹால் வேண்டும். 70 சதவீதப் புட்டியில் மீதி தண்ணீர். சாயங்கள் பிரியும் விதமே அதில் மாறிவிடும், மார்க்கருக்குள் நடப்பதை அது காட்டாது. ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் நெருப்பு இல்லாமல் செய்யவும்.

நம் ஊதா போன்ற மை இந்தப் பட்டையில் ஒரே புள்ளியாக ஏறாது. ஒரு பகுதி இளஞ்சிவப்பாக முன்னால் ஓடும், நீல-ஊதா பின்னால் தங்கும். காகித நாரோடு இறுக ஒட்டிக்கொள்ளும் சாயம் மெதுவாக நகரும். ஒட்டாதது கரைப்பானோடு ஓடிவிடும். எது முன்னால் ஓடும் என்பது தாளைப் பொறுத்தது. சுண்ணமோ களிமண்ணோ பூசிய தாளில் வரிசை தலைகீழாகவும் மாறக்கூடும். ஆகவே வடிதாள் சோதனை 'இதில் எத்தனை பேர் இருக்கிறார்கள்' என்பதைத்தான் சொல்லும். படத்தில் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை அறிய அதே அட்டையில் சொட்டுச் சோதனை தேவை.

சொட்டுச் சோதனை இன்னும் எளிது. படம் வரையும் அதே அட்டைத் துண்டில் 25 மி.மீ. சதுரம் ஒன்றை ஊதாவால் சீராக நிரப்பி, பத்து நிமிடம் காயவிட்டு, நடுவில் பிளெண்டர் முனையை அசைக்காமல் மூன்று நொடி வைத்து எடுக்கவும். நடுவில் வெளிறிய வட்டம், அதைச் சுற்றி அடர்ந்த ஓரம் வரும். அந்த ஓரத்தின் நிறத்தைக் கூர்ந்து பாருங்கள். அது ஊதாவாகவே இருந்தால் மை ஒன்றாக நகர்கிறது. இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் பிரிந்து நகர்கிறது. ஒரு மார்க்கரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால், தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஓரத்தின் நிறத்தைத்தான்.

இளஞ்சிவப்பு வளையம்

இனி முதல் புகாருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. மடிப்பின் நடுவில் பிளெண்டரை அழுத்தியபோது படத்திலேயே ஒரு சின்ன வடிதாள் சோதனை நடந்துவிட்டது. கரைப்பான் நாலா பக்கமும் பரவியது. இளஞ்சிவப்பு அதோடு ஓடி விளிம்பில் குவிந்தது. நீலம் வழியில் தங்கிவிட்டது. கோட்டைத் தாண்டி ஒன்றிரண்டு மி.மீ. வெளியே தெரியும் வளையம் அதுதான்.

வளையத்தைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு. மூன்றும் சம மதிப்புள்ளவை அல்ல. சிறந்தது, நிறமற்ற பிளெண்டரை விட்டுவிட்டு அதே குடும்பத்தின் வெளிர் ஊதாவால் இழைப்பது. வெளிர் மையிலும் சாயம் இருக்கிறது. அது இளஞ்சிவப்பு ஓடிப்போன இடைவெளியை ஊதாவால் நிரப்பிவிடும். நடுத்தர ஊதாவின் கடைசி இலக்கத்திலிருந்து இரண்டு மூன்று படி குறைந்த எண் பொருத்தமாக இருக்கும். அதற்கு மேல் தாவினால் இடையில் படி தெரியும். மடிப்பின் வெளிச்சப் பக்கத்தை முதலில் வெளிர் ஊதாவால் நனைத்து, ஈரம் காயும் முன்பே நடுத்தர ஊதாவை இருட்டுப் பக்கத்திலிருந்து இழுத்து வந்து, சேரும் இடத்தில் மறுபடி வெளிர் ஊதாவால் சின்னச் சின்ன வட்டங்களாகத் தேய்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, வெள்ளை வரைக்கும் கரைந்துபோக வேண்டிய இடங்களுக்கு. அங்கே பிளெண்டர்தான் வேண்டும் என்றால் அதை முதலில் வைக்கவும். வெறும் அட்டையை நனைத்துவிட்டு, அந்த ஈரத்துக்குள் நிறத்தைக் கொண்டுவரவும். காய்ந்த நிறத்தின் மேல் பிளெண்டர் வைப்பதும், ஈரமான பிளெண்டருக்குள் நிறம் வைப்பதும் ஒன்றல்ல. முன்னதில் சாயத்தை ஓடவிடுகிறோம். பின்னதில் அது எங்கே நிற்க வேண்டும் என்பதை நாம் முடிவுசெய்கிறோம்.

மூன்றாவது வெறும் முன்னெச்சரிக்கை: வெளிக்கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளேயே முனையை நிறுத்தவும், மீதியை மை தானே பரவி நிரப்பிக்கொள்ளும். வெளிக்கோடும் ஆல்கஹாலுக்குக் கரையாத நிறமி மைப் பேனாவால் போட்டதாக இருக்க வேண்டும். லேசர் பிரிண்ட் எடுத்த கோட்டின் மேல் வண்ணம் போடுபவர்கள் ஓர் ஓரத்தில் சோதித்துவிடுவது நல்லது. டோனர் சில சமயம் இளகிக் கறுப்பாக இழுபடும்.

வளையம் ஏற்கெனவே விழுந்துவிட்ட படத்தில்? பிளெண்டரை வளையத்துக்கு வெளியே வைத்து உள்நோக்கித் தள்ளிப் பார்க்கலாம். மெல்லிய தாளில் ஓரளவு பலிக்கும். 250 கிராம் அட்டையில் சாயம் ஆழமாக இறங்கியிருக்கும். வளையம் வெளிறுமே தவிரப் போகாது, சில சமயம் அதற்கு வெளியே இரண்டாவது வளையம் விழும். ஒரு முறைக்கு மேல் முயல வேண்டாம். பின்னணி முழுவதற்கும் மிக வெளிர் இளஞ்சிவப்பு ஒரு பூச்சு கொடுத்து வளையத்தை அதில் மறைப்பது நேர்மையான தீர்வு. எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு வெள்ளை ஜெல் பேனாவால் ஓரத்தை மூடலாம்; ஆனால் அதன் மேல் மறுபடி மார்க்கர் வைக்கக் கூடாது. வெள்ளை இளகி முனையில் ஏறி அடைத்துக்கொள்ளும்.

நிழல் ஏன் நீலமானது

அடர் ஊதா என்பது நடுத்தர ஊதாவை இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கெட்டியாக்கியது அல்ல. பல வரிசைகளில் அடர்த்தி கூடக்கூட நீலப் பங்கும் கூடுகிறது. தனி ஸ்வாட்ச்சாக, அதாவது அட்டையில் போட்டுப் பார்க்கும் நிற மாதிரிக் கட்டமாக, பார்த்தால் இரண்டும் ஊதா. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அதுவும் மஞ்சள் விளக்குக்கு அருகே, கண் நீலத்தை மிகைப்படுத்திக் காட்டும்.

அடர் மார்க்கரை எடுக்கும் முன், நடுத்தர ஊதாவே எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கவும். நான்கு கட்டங்கள் போடுங்கள். முதலாவதில் ஒரு பூச்சு. இரண்டாவதில் காய்ந்த பின் இன்னொன்று. மூன்றாவதில் அப்படியே மூன்று. நான்காவதில் காயாமல் அடுத்தடுத்து இரண்டு. இரண்டாம் பூச்சில் அடர்த்தி தெளிவாகக் கூடும். மூன்றாவதில் கொஞ்சம்தான். அதற்கு மேல் நார்கள் மையால் நிரம்பிவிடுகின்றன. சாயம் மேற்பரப்பிலேயே படிந்து, சாய்த்துப் பார்த்தால் பொன்பச்சை மினுமினுப்பு அடிக்கும். அடர் ஊதா, நீல மைகளில் இது அடிக்கடி நடக்கும். அந்த மினுமினுப்பு வந்த இடம் ஸ்கேனரில் திட்டாக விழும். மினுமினுப்பைக் கண்டதும் நிறுத்திவிட வேண்டியதுதான். ஈரத்தில் பார்த்து அடர்த்தியை முடிவுசெய்வதும் தப்பு: ஈர மை எப்போதும் இருண்டு தெரியும், காய்ந்தால் ஒரு படி வெளிறும்.

நம் படத்தின் நிழலுக்குச் சரியான வழி சாம்பலை அடியில் போடுவது. நடுநிலைச் சாம்பலில் வெளிர் நடு அடர்த்தி ஒன்றால் நிழல் மடிப்புகளை மட்டும் முதலில் போட்டு, நன்கு காயவிட்டு, மேலே துணி முழுவதற்கும் நடுத்தர ஊதா. மேல்நிறம் எங்கும் ஒன்றே என்பதால் துணி ஒரே துணியாக நிற்கும். நிழல் மட்டும் அடங்கும். மாற்றிச் செய்தால், அதாவது ஊதாவின் மேல் சாம்பல் வைத்தால், சாம்பலின் கரைப்பான் ஊதாவைக் கரைத்து இழுத்துக்கொண்டுபோய்க் கறை போடும். ஒன்றை மறக்க வேண்டாம்: சாம்பலும் பல சாயங்களின் கலவைதான். இளஞ்சிவப்பாகவும் பச்சையாகவும் பிரியும் சாம்பல்கள் உண்டு. அதற்கும் சொட்டுச் சோதனை செய்துவிட்டே படத்தில் வைக்கவும்.

நீலமாகிப்போன நிழலை மீட்க, அதன் மேல் வெளிர் சிவப்பு-ஊதா ஒரே ஒரு பூச்சு போதும். அடியில் உள்ள நீலத்தோடு சேர்ந்து நிறம் ஊதாப் பக்கம் திரும்பும்.

மஞ்சள் தொடும் இடம்

இதில் மர்மம் இல்லை. மஞ்சளும் ஊதாவும் நிறவட்டத்தில் எதிரெதிர். ஒன்றின் மேல் ஒன்று ஒளி ஊடுருவும்படி விழுந்தால் பழுப்பும் சாம்பலும்தான் மிஞ்சும். எந்த மார்க்கரும் இதிலிருந்து தப்பாது. மஞ்சளை முதலில் போட்டு முழுக்கக் காயவிட்டு, ஊதாவுக்கு 3-4 மி.மீ. முன்னால் நிறுத்தி, இடைவெளியை வெளிர் பீச் நிறத்தால் நிரப்பவும். இருபக்கத்தோடும் சண்டை போடாத நிறம் அது. ஊதா பட்ட மஞ்சள் முனையை அப்படியே மூடிவிட வேண்டாம். கழிவுத் தாளில் சுத்த மஞ்சள் வரும்வரை கிறுக்கினால் முனை தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்.

ஸ்கேனில் நீலம்

கண்ணுக்கு ஊதா, திரைக்கு நீலம். ஊதா மை நிறமாலையின் இரு முனைகளில், நீலத்திலும் கடைக்கோடிச் சிவப்பிலும், ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நடுப் பச்சையை விழுங்குகிறது. அந்தக் கடைக்கோடிச் சிவப்பைக் கண் பார்க்கும் அளவும், ஸ்கேனர் உணரியும் அதன் விளக்கும் பிடிக்கும் அளவும் ஒன்றல்ல. சிவப்பு குறைவாகப் பதிவானால் மிஞ்சுவது நீலம். பல இளஞ்சிவப்பு, ஊதா மைகளில் ரோடமின் வகைச் சாயம் இருக்கும். அது விழும் ஒளியை வாங்கி வேறு நிறத்தில் ஒளிர்வது. புற ஊதா விளக்கில் காட்டினால் ஆரஞ்சு-சிவப்பாக மின்னும். அந்த ஒளிர்வு நேரில் படத்துக்கு உயிர் கொடுக்கும், ஸ்கேனில் தொலைந்துபோகும். (அதே விளக்கில் அட்டையும் நீலமாக மின்னினால் பயப்பட வேண்டாம், தாளை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் பொருள் அது.)

ஸ்கேனரின் 'தானியங்கித் திருத்தம்' அனைத்தையும் அணைத்துவிட்டு, படத்தின் பக்கத்தில் ஸ்வாட்ச் அட்டையையும் வைத்து ஒன்றாக ஸ்கேன் செய்யவும். பிறகு மென்பொருளில் முழுப் படத்தையும் சிவப்பாக்காமல், நீலம், ஊதா என்ற இரண்டு நிற வரம்புகளில் மட்டும் சாயலைச் சிவப்புப் பக்கம் நகர்த்தவும். அளவுகோல் கையில் இருக்கும் ஸ்வாட்ச். பகல் வெளிச்சத்தில் அதைப் பிடித்துக்கொண்டு திரையைப் பாருங்கள். மஞ்சள் பல்புக்கு அடியில் ஒப்பிட்டால் மறுநாள் காலையில் மறுபடி உட்கார வேண்டியிருக்கும். ஒரு முறை கிடைத்த திருத்தத்தைச் சேமித்துவைத்தால், அதே ஊதா வரும் அடுத்த படத்துக்கு நல்ல தொடக்கமாக இருக்கும்.

வெளிச்சத்தில் வெளிறுதல்

கலவையில் உள்ள சாயங்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒரே வேகத்தில் மங்குவதும் இல்லை. ஒளிரும் இளஞ்சிவப்புச் சாயங்கள் பொதுவாக முதலில் போகும். அவை போனபின் எஞ்சுவது நீலம். படிக ஊதா (கிரிஸ்டல் வயலட்) போன்ற சாயங்களால் ஆன ஊதாவுக்கும் வெளிச்சத்தில் ஆயுள் குறைவு. அந்த வகையில் ஆல்கஹால் மார்க்கர் படம், மாட்டிவைக்கும் படமே அல்ல.

எந்த ஊதா எவ்வளவு தாங்கும் என்பதை அறிய, ஸ்வாட்ச் பட்டையின் பாதியை அலுமினியத் தாளால் இறுக மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒட்டி, வாரம் ஒருமுறை திறந்து ஒப்பிடவும். முறையாகச் செய்ய விரும்புபவர்கள், வெளிச்சத்தில் வெவ்வேறு வேகத்தில் மங்கும் 1 முதல் 8 வரை படிகள் உள்ள நீலக் கம்பளி அட்டையையும் பக்கத்தில் வைப்பார்கள். எந்தப் படி மங்கும்போது மையும் மங்குகிறது என்பதே அதன் அளவு. வீட்டுச் சோதனைக்கு அலுமினியத் தாளே போதும். இரண்டு மார்க்கர்களில் எது முன்னால் மங்குகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

புற ஊதா தடுக்கும் கண்ணாடி வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது; கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தைத் தின்னும். பாதுகாப்புக்கென்று வார்னிஷ் ஸ்பிரே அடிப்பவர்கள் கவனிக்க: பல ஸ்பிரேக்களில் உள்ள கரைப்பான் இந்த மையையும் கரைக்கும், நனைய நனைய அடித்தால் துணியின் ஓரமெல்லாம் பொசுபொசுவென்று கசியும். மூலப் படத்தை அமிலமற்ற உறைக்குள் இருட்டில் வைத்து, சுவருக்கு நிறமி மையில் எடுத்த பிரதியை மாட்டுவதே நடைமுறை.

திருத்திய வரிசை

அதே துணியை மறுபடி வரையும்போது வரிசை இப்படி அமையும். நிறமி மைப் பேனாவில் வெளிக்கோடு, முழுக்கக் காயும்வரை காத்திருப்பு. விளக்கின் மஞ்சள், பிறகு பீச் இடைவெளி. நிழல் மடிப்புகளுக்குச் சாம்பல். இங்கே அவசரப்படாமல் முடிந்தால் மறுநாள்வரை விடுவது நல்லது. துணி முழுக்க வெளிர் ஊதா ஒரு பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே, பகுதி பகுதியாக, உள்ளங்கை அளவுக்கு மேல் போகாமல், நடுத்தர ஊதா. சேரும் இடங்களில் வெளிர் ஊதாவால் இழைப்பு. காய்ந்த பின் ஆழமான மடிப்புகளில் மட்டும் இரண்டாம் பூச்சு. அடர் ஊதா மிக மெல்லிய இடுக்குகளுக்கு மட்டும், பிரஷ் முனையின் நுனியால். வெளிச்சக் கீற்றுகளுக்கு மார்க்கர் வேண்டாம். மெழுகு வண்ணப் பென்சிலும் வெள்ளை ஜெல் பேனாவும் கடைசியில். பென்சில் மெழுகின் மேல் மார்க்கர் போனால் முனை பிசுபிசுக்கும் என்பதால் இந்த வரிசையை மாற்ற முடியாது.

ஸ்வாட்ச் அட்டையில் மார்க்கர் எண்ணோடு அட்டையின் வகை, பூச்சுகளின் எண்ணிக்கை, சொட்டுச் சோதனையின் ஓர நிறம், தேதி ஆகிய நான்கையும் எழுதிவைக்கவும். மறுநிரப்பு மை ஊற்றிய நாளில் அதே அட்டையில் பழைய கட்டத்துக்குப் பக்கத்தில் புதிய கட்டம் ஒன்று. பல மாதம் பயன்படுத்திய மார்க்கரில் கரைப்பான் ஆவியாகி மை கெட்டியாகியிருக்கும். நிரப்பியதும் அதே எண் ஒரு படி வெளிறித் தெரிவது பழுதல்ல. பாதி முடிந்த படத்தில் மார்க்கரை நிரப்ப நேர்ந்தால், ஒரு மடிப்பின் நடுவில் நிரப்பாமல், அடுத்த மடிப்பு தொடங்கும் முன் நிரப்பிக்கொள்ளவும்.